எண்பது இறாத்தல் காற்று

கர்க்லாண்ட்காரியை எனக்குப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் என்னிடம் பெருந்தன்மையை எதிர்பார்த்து ஏமாற வேண்டாம். சைக்கிள் ஓட்ட முடிவுப் பட்டியலில் அவள் பெயர் எப்போதும் முதல் வரியில் இருக்கும். என் பெயரைத் தேடுகிறவர்கள் கடைசி வரியிலிருந்து மேலே வந்தால் நேரம் மிச்சம். கர்க்லாண்ட் என்பது காசுக்காரர் இருக்கிற பக்கம். அவளிடம் இரண்டு சைக்கிள்கள் இருந்தன. ஒன்றில் சேறு அப்பினால் மற்றதைத் துடைத்துப் பிடித்துக்கொண்டு புருஷன் கயிற்றுக்கு அந்தப் பக்கம் நிற்பான். என்னிடம் ஒன்றுதான். அதில்தான் நான் தினமும் சென்ட் லோரன்டிலிருந்து டோர்வலுக்கு வேலைக்கும் போய் வந்தேன். விமானங்களுக்குப் போகிற சாப்பாட்டுத் தட்டுகளை அடுக்குகிற வேலை.

சைக்ளோகிராஸ் என்பது சைக்கிள் ஓடத் தகாத இடத்தில் சைக்கிள் ஓடுவது. இலையுதிர் காலத்தில், பூங்காக்களில், புல்லிலும் சேற்றிலும் கயிறு கட்டிப் பாதை போடுவார்கள். நடுவில் பலகைகளைக் குறுக்கே நிறுத்தியிருப்பார்கள். பாய்ந்து இறங்கி, சைக்கிளைத் தூக்கிக்கொண்டு தாண்ட வேண்டும். ஏற முடியாத மேடு வந்தால் சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு ஓட வேண்டும். இப்படி நாற்பது நிமிடம் சுற்றிச் சுற்றி வர வேண்டும். நான் ஓடியது சம்பளமோ பரிசோ இல்லாத பெண்களின் வகுப்பு. ஆசிரியைகள், தாதிகள், பிள்ளையைக் கார்டெரியில், அதாவது பிள்ளைக் காப்பகத்தில், விட்டுவிட்டு வருகிற தாய்மார் எல்லோரும் இருந்தார்கள். வாரநாளில் நல்லவர்களாகத்தான் இருந்திருப்பார்கள். கயிற்றுக்குள் வந்துவிட்டால் முழங்கை எலும்பு மட்டும்தான் தெரியும்.

அங்கே ஒரு விதி இருந்தது. முதலாவதாகப் போகிறவள் ஒரு முழுச் சுற்று அதிகமாகச் சுற்றி வந்து உன்னைப் பின்னாலிருந்து முந்திவிட்டால், உன் ஓட்டம் அத்தோடு சரி. செம்மஞ்சள் மேலங்கி போட்ட ஒரு கிழவர் முடிவுக் கோட்டடியில் கையை நீட்டி வெளியே எடுத்துவிடுவார். அப்படி அகப்படாமல் தப்பியவர்களுக்குத்தான் கடைசிச் சுற்று. அந்தச் சுற்றுக்குப் போகிற ஒவ்வொருத்திக்கும் கிழவர் ஒரு பித்தளை மணியை ஆட்டுவார். அந்தப் பருவத்தில் ஆறு ஓட்டங்கள் ஓடியிருந்தேன். ஆறிலும் அவர் கையைத்தான் பார்த்தேன். மணி எனக்காக ஒருதரமும் அடிக்கவில்லை.

நான் அண்ணையின் வீட்டில் இருந்தேன். என்னைவிட ஒன்பது வயது மூத்தவர். என்னை ஸ்பொன்சர் செய்து இந்த நாட்டுக்குக் கூப்பிட்டவர். செப்டம்பரில் நடந்த ஓட்டத்தைப் பார்க்க வந்தார். ஊரில் சண்டை மூண்டு யாழ்ப்பாணத்துக்குப் பாதை பூட்டிய வருடம் அது. ஞாயிறு பூசை முடிந்தால் மாதா கோயில் வாசலில் அரிசி விலையும் யார் வெளியே வர முடியாமல் அகப்பட்டார்கள் என்பதும்தான் பேச்சு. அந்தப் பேச்சிலிருந்து நேரே எழும்பி வந்தவர், தங்கச்சி இறுக்கிப் பிடித்த காற்சட்டையோடு சேற்றில் புரள்வதையும், ஒரு கிழவர் அவளைப் பாதியில் பிடித்து வெளியே விடுவதையும் பார்த்தார்.

"கடைசியாய் வந்தாலும் பரவாயில்லை," என்றார் காரில். "பாதியிலை பிடிச்சு விடுறாங்கள். ஒண்டை முடிக்கத் தெரியாதவளுக்கு ஏன் இந்தக் கூத்து?"

நானும் சும்மா இருக்கவில்லை. நீங்களும்தான் கார் லைசென்சுக்கு மூன்று தரம் சோதனை எடுத்தீர்கள் என்று சொன்னேன். அது சொல்லக்கூடாத கதை. மச்சாளின் குடும்பத்துக்குத் தெரியாத கதை. மச்சாள் முன் ஆசனத்தில்தான் இருந்தார். அண்ணையின் மனைவியை எங்கள் பக்கத்தில் மச்சாள் என்றுதான் கூப்பிடுவோம்.

எங்கள் குடும்பத்தில் கோபம் வந்தால் சத்தம் போடுவதில்லை. கதையை நிறுத்திவிடுவோம். இது பரம்பரை வியாதி. அடுத்த நாளிலிருந்து அண்ணை என்னோடு பேசவில்லை. ஒரே மேசையில், ஒரு கை தூரத்தில் இருந்துகொண்டு, "அவவுக்குக் குழம்பு வேணுமோ எண்டு கேள்," என்பார் மச்சாளிடம். நான் போதும் என்று மச்சாளிடம் சொல்வேன். மச்சாள் போதுமாம் என்று அவரிடம் சொல்வார். பாவம், அந்த மனுஷி எட்டு வாரமாக எங்கள் இரண்டு பேருக்கும் தொலைபேசி நிலையம் நடத்தினார். எனக்கு அந்தப் பேசாமை அடித்ததைவிட வலித்தது. வலித்தது என்று காட்டிக்கொள்ளவில்லை. நானும் அதே குடும்பம்தானே.

ஒக்டோபர் கடைசியில் ஒரு சனி ஞாயிறோடு பருவம் முடிகிறது. இரண்டு நாளும் வெஸ்ட் ஐலண்ட் பக்கத்தில் ஒரே பூங்காவில் ஓட்டம். வெள்ளிக்கிழமை இரவுச் சாப்பாட்டில் நான் மச்சாளிடம் சத்தமாகச் சொன்னேன். "மச்சாள், சொல்லிவிடுங்கோ. இந்த ரெண்டு நாளிலை ஒண்டையாவது முடிக்காட்டி, சைக்கிளை ஆருக்கும் தூக்கிக் குடுத்திட்டு, ஞாயிற்றுக்கிழமையிலை பழையபடி கோயில் பாட்டுக் குழுவுக்கு வாறன்."

அண்ணை பாண் துண்டைக் குழம்பில் தோய்த்தபடி, "கேட்டிட்டன் எண்டு சொல்லு," என்றார்.

வாய்க்கொழுப்பில் சொன்னதுதான். படுக்கப் போன பிறகுதான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்தச் சைக்கிள் போனால் வேலைக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். அது கிடக்கட்டும். வாரத்தில் அந்த நாற்பது நிமிடம் மட்டும்தான் யாரும் என்னை ஏன் இன்னும் கல்யாணம் முடிக்கவில்லை என்று கேட்காத நேரம். அங்கே எல்லோருக்கும் என்மீது வெறுப்பு என்றால் அது நான் வழியை மறிக்கிறேன் என்பதற்காக மட்டும்தான். அந்த வெறுப்பு எனக்குப் பிடித்திருந்தது. அதை இழக்க நான் தயாரில்லை.

சனிக்கிழமை மழை தூறியது. நன்றாகத்தான் ஓடினேன். நாலாவது சுற்றில் ஒடுங்கிய ஒரு வளைவில் பின்னாலிருந்து கர்க்லாண்ட்காரியின் குரல் கேட்டது. முதலில் இங்கிலீசில் விலகச் சொன்னாள். பிறகு எனக்கு இங்கிலீஷ் விளங்கவில்லை என்று நினைத்தோ என்னவோ பிரெஞ்சில் சொன்னாள். இரண்டும் விளங்கியது. விலகத்தான் இடமில்லை. ஒரு பக்கம் கயிறு, மறுபக்கம் மரம். அவள் காத்திருக்கவில்லை. முழங்கையை என் விலாவில் வைத்து ஒரு தள்ளு. நான் கயிற்றோடும் அதைக் கட்டியிருந்த இரண்டு கட்டைகளோடும் புல்லில் கிடந்தேன். எழும்பி வருவதற்குள் கிழவரின் கை தயாராக நின்றது.

அவ்வளவோடு விட்டிருந்தால் பரவாயில்லை. ஓட்டம் முடிந்ததும் நான் வழிவிடவில்லை என்று அவள் கிழவரிடம் முறைப்பாடு வேறு சொன்னாள். அவளுடைய புருஷன் என்னிடம் வந்து, சிறுபிள்ளைக்குச் சொல்வதுபோல, மெதுவாக ஓடுகிறவர்கள் வேகமாக ஓடுகிறவர்களை மதிக்க வேண்டும் என்று விளக்கினான். பிரெஞ்சில் நன்றி, மெர்சி என்று சொன்னேன். நாசமாய்ப் போவாய் என்பதைத் தமிழில், சிரித்துக்கொண்டு சொன்னேன். அவனும் சிரித்தான்.

வீட்டுக்குப் போனபோது அண்ணை தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்தார். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. சேறு சொட்டச் சொட்ட நின்ற கோலத்திலேயே முடிவு தெரிந்திருக்கும். ஆனாலும் மச்சாளைக் கூப்பிட்டு, "முடிச்சாவாமோ எண்டு கேள்," என்றார். மச்சாள் என் முகத்தைப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்காமலே இல்லையாம் என்றார். அண்ணை தலையை ஆட்டினார். அந்தத் தலையாட்டலுக்கு அவரை அடிக்கலாம்போல் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகாமல் நேரே பூங்காவுக்குச் சைக்கிளிலேயே போனேன். இங்கே காற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். தார் வீதியில் டயர் கல்லுப்போல இருந்தால்தான் சைக்கிள் ஓடும். அதனால் வீட்டிலிருந்து புறப்படும்போது எண்பது இறாத்தல், அதாவது எண்பது பவுண்ட் அழுத்தத்துக்கு, காற்று அடிப்பேன். சேற்றில் அதே டயர் சவர்க்காரக் கட்டியில் ஏறியதுபோல வழுக்கும். அங்கே டயர் மெத்தென்று இருக்க வேண்டும். அப்போதுதான் புல்லைப் பிடிக்கும். இதை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. முதல் மூன்று ஓட்டங்களிலும் விழுந்து விழுந்து படித்தேன். பூங்காவுக்குப் போனதும் முதல் வேலையாக முப்பது இறாத்தலுக்கு இறக்கிவிடுவேன். ஓட்டம் முடிந்து வீட்டுக்குப் போக மறுபடி அடிக்க வேண்டும் என்பதால் பம்பு எப்போதும் பையில் இருக்கும்.

அன்றைக்கும் இறக்கினேன். சைக்கிளை ஒரு மேப்பிள் மரத்தில் சாய்த்துவிட்டு நிமிர்ந்தபோது, அண்ணையும் மச்சாளும் வந்துகொண்டிருந்தார்கள். பூசை உடுப்பு. அண்ணை பளபளப்பான சப்பாத்தோடு புல்லில் காலைத் தூக்கித் தூக்கி வைத்து வந்தார். நான் சைக்கிளைக் கொடுத்துவிடுவேனா என்று கண்ணால் பார்க்க வந்திருக்கிறார் என்று நினைத்தேன். மச்சாள் எனக்கு ஒரு பெட்டியில் சோறு கொண்டுவந்திருந்தார். அண்ணை சைக்கிளைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை.

நான் மச்சாளைக் கூட்டிக்கொண்டு முதுகில் இலக்கத்தைக் குத்திக்கொள்ளப் போனேன். கழிப்பறைக்கு நீண்ட வரிசை. திரும்பி வரும்போது எங்கள் வகுப்பைக் கூப்பிட்டுவிட்டார்கள். அண்ணை மரத்தடியில் இல்லை. பம்பு பைக்கு வெளியே, குழாய் ஒழுங்காகச் சுற்றப்பட்டு, மரத்தின் வேரில் கிடந்தது. அதைக் கண்டேன். கண்டும் ஒன்றும் யோசிக்கவில்லை. சைக்கிளை இழுத்துக்கொண்டு கோட்டுக்கு ஓடினேன்.

விசில் ஊதியது. முதல் நூறு மீற்றர் நேர்ப்பாதை, நன்றாக இறுக்கிய புல். என்றுமில்லாத வேகத்தில் போனேன். ஏழு எட்டுப் பேரைத் தாண்டியிருப்பேன். இன்றைக்கு என் நாள் என்று நினைத்த அதே நிமிடத்தில் முதல் வளைவு வந்தது. கைபிடியைத் திருப்பினேன். சைக்கிள் திரும்பவில்லை. என்னைக் கீழே போட்டுவிட்டுத் தான் பாட்டுக்குச் சறுக்கிக்கொண்டு போனது. பின்னால் வந்தவர்கள் என்னைச் சுற்றியும், ஒருத்தி என் கையின் மேலாலும் போனார்கள்.

சைக்கிளை நிமிர்த்தி டயரில் பெருவிரலை வைத்தேன். கல்லு. எண்பது இறாத்தலுக்கு ஒன்றும் குறையாது.

வேரில் சுற்றிவைத்த குழாய் அப்போதுதான் ஞாபகத்துக்கு வந்தது. குழாயை அப்படி அடுக்காகச் சுற்றி வைக்கிற ஆளை எனக்குத் தெரியும். வேண்டுமென்று செய்திருக்கிறார் என்று நினைத்தேன். நான் தோற்க வேண்டும், சைக்கிளைக் கொடுக்க வேண்டும், பாட்டுக் குழுவில் பெஞ்சில் போய்க் குந்த வேண்டும். அதற்காகப் பூசை முடிந்த கையோடு வந்து, தங்கச்சியின் சில்லில் கைவைத்திருக்கிறார். சேற்றில் முழங்காலில் நின்று, வால்வைப் பெருவிரல் நகத்தால் அமத்திக் காற்றை விட்டேன். முன் சில்லு, பிறகு பின் சில்லு. மச்சாள் அந்த வளைவுக் கயிற்றடியில்தான் நின்றார். காற்று சீறிக்கொண்டு போவதையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். அண்ணையை அங்கே காணவில்லை. நல்ல காலம்.

எழும்பி ஏறியபோது பாதையில் என்னைத் தவிர யாரும் இல்லை. ஆத்திரத்தில் ஓடினேன். ஆத்திரம் நல்ல சாப்பாடு. முந்திய எந்த ஓட்டத்திலும் இல்லாத பலம் அன்றைக்கு வந்தது. பலகைகளில் இறங்கித் தூக்கி ஏறும்போதெல்லாம் அண்ணைக்குச் சொல்லப் போவதை ஒவ்வொரு வரியாக அடுக்கினேன். வீட்டை விட்டுப் போகிறேன் என்பதும் அதில் இருந்தது. நீங்கள் எனக்கு அண்ணையே இல்லை என்பதும் இருந்தது. இரண்டாவது சுற்றில் ஒருத்தியைப் பிடித்தேன். மூன்றாவதில் இன்னும் இரண்டு பேர். ஒருத்தி வழி விடவில்லை. முழங்கையைப் பாவித்தேன். மன்னிப்புக் கேட்கவில்லை.

ஐந்தாவது சுற்றின் முடிவு வந்தது. அதை முடித்து, அகப்படாமல் கோட்டைத் தாண்டினால் எனக்கு மணி. கோட்டுக்கு முன்னால் கடைசித் தடை அந்த மேடு. சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு ஏறத் தொடங்கியபோது கீழே பலகையடியில் சனம் கத்துவது கேட்டது. திரும்பிப் பார்த்தேன். கர்க்லாண்ட்காரி. தன் கடைசிச் சுற்றை முடித்துக்கொண்டு வருகிறாள். வென்றுவிட்டாள், அவளுக்கு அவசரமே இல்லை. என்றாலும் என் முதுகைக் கண்டதும் குனிந்து மிதித்தாள். அல்லது அப்படி எனக்குத் தோன்றியது.

மேட்டின் உச்சியில் அண்ணை நின்றார். மேலிருந்து எல்லாம் தெரியும் என்று அந்த இடத்தைப் பிடித்திருக்கிறார். கையில் என் பம்பு. கீழே ஓடிப்போய் எடுத்துக்கொண்டு வந்திருக்க வேண்டும். மூச்சிரைத்தது. சப்பாத்து எங்கே, சேறு எங்கே என்று தெரியவில்லை. நான் உச்சிக்கு வந்து சைக்கிளை இறக்கியதும் கூடவே ஓடத் தொடங்கினார்.

"காத்துப் போயிட்டுது," என்றார். "சில்லு நெளியுது, நான் மேலை நிண்டு பாத்தனான். நில்லு. ரெண்டு நிமிஷம். அடிச்சுத் தாறன்."

எட்டு வாரத்துக்குப் பிறகு என்னோடு பேசிய முதல் வார்த்தைகள். பார்த்தேன். அந்த முகத்தில் கள்ளம் இல்லை. சண்டைக் காலத்தில் பெற்றோல் இல்லாமல் ஊரே சைக்கிளில் ஓடியபோது, ஒரு சைக்கிளில் மூன்று பேரையும் ஒரு மூட்டை விறகையும் ஏற்றி ஓடியவர் அவர். காற்றுக் குறைந்த சில்லில் ஏறுவது ரியூபைக் கொல்வது. எங்கள் ஆட்கள் யாருடைய சைக்கிளைக் கண்டாலும் முதலில் டயரைப் பெருவிரலால் அமத்திப் பார்ப்பார்கள். மரத்தடியில் அதைத்தான் செய்திருக்கிறார். மெத்தென்றிருந்திருக்கிறது. தங்கச்சியின் சில்லில் காற்றில்லை என்று அடித்துவிட்டிருக்கிறார். வாயால் சொல்ல முடியாது, கதைப்பதில்லையே. கையால் செய்திருக்கிறார்.

நாற்பது நிமிடமாக நான் வளர்த்த ஆத்திரம் அத்தனையும் எனக்குக் கீழேயிருந்து யாரோ உருவியதுபோல் போய்விட்டது. அவர் ஆசனத்தில் கை வைத்தார். பின்னால் கர்க்லாண்ட்காரியின் சப்பாத்து ஆணிகள் மேட்டில் குத்துகிற சத்தம்.

"தொடாதேங்கோ," என்று கத்தினேன். "கையை எடுங்கோ அண்ணை."

எடுத்தார். ஏறினேன். கோட்டுக்கு எழுபது எண்பது மீற்றர் இருக்கும். பின்னால் வருகிறவளின் மூச்சு என் வலது காதில் கேட்டது. அவள் முன் சில்லு என் கண் ஓரத்தில் தெரிந்தது. நான் வழிவிடவில்லை. இந்த முறை இடம் இருந்தது, என்றாலும் விடவில்லை. கிழவர் கையைப் பாதி உயர்த்திவிட்டு, கோட்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஒரு சில்லு அளவுதான் வித்தியாசம். அவருக்கு மனமே இல்லை. ஆனாலும் மணியை எடுத்து ஒருதரம் ஆட்டினார். ஒன்றே ஒன்று. எனக்கு அது போதும்.

கடைசிச் சுற்றைத் தனியாக ஓடினேன். அடுத்த ஓட்டத்து ஆம்பிளைகள் கயிற்றடியில் பொறுமையில்லாமல் நின்றார்கள். ஒருவன் மணிக்கூட்டைத் தட்டிக் காட்டினான். அவனைப் பார்த்து இன்னும் கொஞ்சம் மெதுவாக மிதித்தேன். கிழவரின் கைக்குத் தப்பியவர்களில் கடைசி ஆளாக முடித்தேன். கர்க்லாண்ட்காரி தண்ணீர் குடித்துக்கொண்டு யாரோடோ சிரித்துக்கொண்டிருந்தாள். அவளை முந்தவிடாமல் ஓடியதுதான் என் வாழ்க்கையில் நான் வென்ற ஒரே ஓட்டம். அப்படி ஒன்று நடந்ததே அவளுக்குத் தெரியாது.

மரத்தடிக்கு வந்து சைக்கிளைப் போட்டுவிட்டு இருந்தேன். அண்ணையும் மச்சாளும் வந்தார்கள். அடுக்கி வைத்த வரிகளில் ஒன்றுதான் மிச்சம் இருந்தது. உங்கள் காற்றால்தான் விழுந்தேன், கை உடைந்திருக்கும், தெரியாத வேலையில் கைவைக்காதீர்கள் என்பது. நியாயமான வரி. நாக்கு நுனியில் வைத்துக்கொண்டு அவர் வாயைத் திறக்கட்டும் என்று பார்த்திருந்தேன்.

"முடிச்சிட்டாய்," என்றார். பிறகு சைக்கிளைக் காட்டினார். "வந்து பாக்கேக்கை காத்தே இல்லாமல் கிடந்தது. நான் அடிச்சு விட்டபடியால்தான் கடைசிவரைக்கும் தாங்கினது. ரியூபிலை எங்கையோ ஓட்டை. வீட்டை வா, ஒட்டித் தாறன்."

நான் வாயைத் திறந்தேன். மச்சாள் அவருக்குப் பின்னால் நின்று என்னைப் பார்த்தார். வளைவில் நான் காற்றை விட்டதை அவர் கண்டவர். அவருக்கு எல்லாம் விளங்கியிருந்தது. தலையை ஒருதரம் மெல்ல ஆட்டினார், வேண்டாம் என்று.

"ஓம் அண்ணை," என்றேன்.

அன்று விழுங்கியது இன்னும் இறங்கவில்லை. இத்தனை வருடமாக ஒவ்வொரு நத்தார்ப் பண்டிகைக்கும், ஒவ்வொரு கல்யாண வீட்டிலும் அந்தக் கதையைச் சொல்கிறார். தான் காற்றடித்திராவிட்டால் தங்கச்சி முடித்திருக்க மாட்டாள் என்று. கேட்கிறவர்கள் என்னைப் பார்ப்பார்கள். நான் எழும்பிக் குசினிக்குப் போய்விடுவேன். எரிச்சலாகத்தான் இருக்கிறது.

அன்றைக்கு நான் ஓம் என்றதும் அவர் பூசைக் காற்சட்டையோடு சேற்றில் குந்தினார். வீட்டுக்குத் தார் வீதிதான், இனி எண்பது அடிக்க வேண்டியதுதான், அதைச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. முன் சில்லுக்கு அடித்தார். பின் சில்லுக்கு அடித்தார். இரண்டையும் பெருவிரலால் அமத்திப் பார்த்தார். குழாயை அடுக்காகச் சுற்றிப் பையில் வைத்தார்.

"இப்ப சரி," என்றார். "போ. பின்னாலை காரிலை வாறம்."

பதினைந்து கிலோமீற்றரும் அழுதுகொண்டே போனேன். போ என்று மச்சாளிடம் சொல்லவில்லை. என்னிடம் சொன்னார்.